பொழி போடும் முன்



கோவில்பட்டிப் பக்கம் 'பார்ட்டிஷன்' என்ற சொல் காதில் விழுந்ததும் முதலில் நினைவுக்கு வருவது பத்திரப்பதிவு அலுவலகம். அண்ணன் தம்பிகள் காட்டைப் பிரித்துக்கொண்டார்கள், பார்ட்டிஷன் பத்திரம் முடிந்தது, எல்லையில் பொழி போட்டாயிற்று என்போம். கணினியின் வட்டைப் பாகங்களாகப் பிரிப்பதற்குக் கணினிக்காரர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். நான் பேச வந்தது அவர்களுடைய பார்ட்டிஷனைப் பற்றி. ஆனாலும் காடு பிரிவதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நடுவில் பேசுவதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். பொழி எங்கே விழுகிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது, விழுந்த பொழியை ஒரு முழம் நகர்த்துவது எவ்வளவு பாடு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதோ மேசைமேல் இருப்பது என் அக்கா வீட்டுக்குப் புதிதாக வாங்கிய கணினி. 8 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி. உள்ளே இன்னும் எதுவும் ஏற்றவில்லை. அத்தானுக்குக் கடைக் கணக்கு எழுத வேண்டும். மருமகளுக்குக் கல்லூரிப் படிப்பு. அக்காவுக்கு வேறு ஓர் ஆசை. ஊரில் வயதானவர்கள் பாடும் தாலாட்டையும் கும்மியையும் கைப்பேசியில் பிடித்து வைத்திருக்கிறாள். அதையெல்லாம் ஓர் ஒழுங்காகச் சேர்த்துவைக்க வேண்டும் என்கிறாள். இந்த வட்டை எப்படிப் பிரிப்பது என்று நானும் அவளும் இரண்டு நாள் தாளில் எழுதி எழுதிப் பார்த்தோம். அந்தத் தாளைத்தான் இன்று உங்கள் முன்னால் விரிக்கப்போகிறேன்.

அதற்கு முன்னால், எனக்கு ஏன் இதில் இவ்வளவு கவலை என்று சொல்லிவிடுகிறேன்.

2012-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க மணிக்கணக்கில் மின்சாரம் போய்க்கொண்டிருந்த காலம். என்னிடம் ஒரு பழைய கணினி இருந்தது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். வட்டு முழுவதும் ஒரே பாகம். கணினியை இயக்கும் நிரல்களும் என் கடிதங்களும் படங்களும் பாட்டும் எல்லாம் ஒரே காட்டில் கலந்து கிடந்தன. ஒரு நாள் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது பாதியில் மின்சாரம் போனது. திரும்பி வந்தபின் கணினி எழவில்லை. எனக்கு அவசரம். குறுவட்டைப் போட்டு, மறுபடி நிறுவிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'ஃபார்மட் செய்யவா?' என்று அது கேட்டது. ஒரே பாகம்தானே, செய் என்றேன்.

அந்தப் பாகத்தில் என் ஆச்சி பாடிய கும்மிப் பாட்டு நாற்பது நிமிடத்துக்கு மேல் இருந்தது. ஆச்சி அதற்கு முந்தைய ஆண்டே போய்விட்டாள். வேறு பிரதி கிடையாது. அழித்தவன் நான்தான், வேறு யாரும் இல்லை. பிறகு ஒருவர் சொல்லித் தந்து, அழிந்த கோப்புகளைத் தேடும் ஃபோட்டோரெக் என்ற கருவியை வட்டில் ஓட்டினேன். கிடைத்தது ஆறு நிமிடம். மீதி இருந்த இடத்தின்மேல் புதிய லினக்ஸ் ஏறி உட்கார்ந்திருந்தது.

இன்னும் ஒன்றையும் கேளுங்கள். அந்த ஆறு நிமிடமும் கிடைத்ததற்குக் காரணம் அது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்பதுதான். பழைய வட்டில் ஃபார்மட் செய்தால் கணக்குப் புத்தகம் மட்டுமே புதிதாகும், மண்ணில் கிடந்த பொருள் மேலே வேறொன்று எழுதப்படும் வரை கிடக்கும். இன்று நாம் வாங்கும் எஸ்எஸ்டியில் நிலைமை வேறு. லினக்ஸில் ஒரு பாகத்தை எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் ஃபார்மட் செய்யும்போதே, 'இந்த இடம் முழுவதும் எனக்கு இனித் தேவையில்லை' என்று வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டும் துடைத்துவிடும். பிறகு எந்தக் கருவியை ஓட்டினாலும் வெறும் பூஜ்யம்தான் வரும். ஆகையால் எங்கள் வீட்டில் நடந்தது இன்று உங்கள் வீட்டில் நடந்தால் அந்த ஆறு நிமிடம்கூட மிஞ்சாது.

கரிசல் சம்சாரி வெள்ளாமை வீடு வந்ததும் முதலில் என்ன செய்வார்? விதைக்கு எடுத்து வைப்பார். குலுக்கையில் கொட்டும் சாப்பாட்டுத் தானியத்தோடு அதைக் கலக்க மாட்டார். துவரையைச் செம்மண் கட்டி வைப்பதும், சுரைக்குடுக்கையில் விதை போட்டுத் தொங்கவிடுவதும் நாம் பார்த்ததுதான். சாப்பாட்டுச் சோளம் தீர்ந்தால் சந்தையில் வாங்கலாம், கடன் வாங்கலாம். அந்தக் காட்டுக்குப் பழகிய விதை தீர்ந்தால் எங்கே போவது?

கணினியிலும் இந்தக் கணக்குத்தான். லினக்ஸ் அழிந்தால் இணையத்திலிருந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாம். காசில்லை, அரை மணி நேர வேலை. லிபர்ஆபீஸ் போனால் திரும்ப வரும், ஃபயர்பாக்ஸ் போனால் திரும்ப வரும். அக்கா சேர்த்த தாலாட்டு வராது. நான் பொழி போடச் சொல்வது இந்த இரண்டுக்கும் நடுவில். மற்ற எல்லாப் பிரிவும் கூட்டல் கழித்தல் கணக்கு. இந்த ஒன்றுதான் கட்டாயம்.

இப்போது வட்டுக்குள் போவோம்.

நிலத்துக்குப் பட்டா, புலப்படம், அ-பதிவேடு என்று இருப்பதுபோல வட்டுக்கும் ஒரு பதிவேடு உண்டு. எந்தப் பாகம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற விவரம் அதில் இருக்கும். பழைய பதிவேட்டுக்கு எம்பிஆர் என்று பெயர். பல பாகங்களைத் தாங்கும் இந்த ஏற்பாடு 1983-இல் பிசி டாஸ் 2.0-வோடு வந்தது. வட்டின் முதல் துண்டுக்குள் வெறும் 64 பைட் இடத்தில் நான்கே நான்கு பாகங்களை எழுதலாம். ஐந்தாவது வேண்டுமென்றால் ஒரு பாகத்துக்குள் பல உட்பிரிவு போட வேண்டும். வழக்கமான 512 பைட் துண்டுகளைக் கொண்ட வட்டில் 2 டிபிக்கு மேல் இந்தப் பதிவேடு செல்லாது. எல்லாவற்றையும்விட மோசம், ஒரே ஒரு பிரதி. அந்த முதல் துண்டு கெட்டால் பாகங்கள் எல்லாம் ஊர் பேர் தெரியாமல் போகும்.

புதிய பதிவேடு ஜிபிடி. வழக்கமாக 128 பாகங்கள் வரை எழுதலாம். வட்டின் தலையில் ஒரு பிரதி, வாலில் ஒரு பிரதி. எழுதியது திரிந்துவிட்டதா என்று சரிபார்க்கும் எண்ணும் கூடவே இருக்கும். கிராமத்தில் ஒரு பதிவும் தாலுகாவில் ஒரு பதிவும் இருப்பது எவ்வளவு நிம்மதியோ அவ்வளவு நிம்மதி இது. இன்று வாங்கும் கணினி எதுவானாலும் யுஇஎஃப்ஐ முறையில் எழும், ஜிபிடியைத்தான் எதிர்பார்க்கும். புதிதாகப் பிரிக்கிறவர் ஜிபிடி என்றே தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த வட்டாரத்தில் இரண்டு இயங்குதளங்கள் பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்ததை நாம் முதலில் பார்த்தது எங்கே? அரசு கொடுத்த மடிக்கணினிகளில்தான். 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் பிள்ளைகளுக்கு வந்த கணினிகளில் விண்டோசும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்பது சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கியது, 2007-இல் வெளிவந்தது. மானாவாரிக் காட்டில் வேலை செய்யும் அப்பா அம்மாவின் பிள்ளைகளுக்கு, வீட்டின் முதல் கணினி அதுதான். அதன் வட்டில் ஒரு பொழி ஏற்கெனவே போட்டிருந்தது. எனக்கு அதில் பெரிய வருத்தம் ஒன்று உண்டு. அந்தப் பொழி எதற்கு, அதன் இரண்டு பக்கமும் என்ன இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு. 'இடம் போதவில்லை' என்று சொல்லி லினக்ஸ் இருந்த பாகத்தை அழித்துக் கொடுக்கச் சொன்ன பிள்ளைகளை நானே பார்த்திருக்கிறேன். ஒரு தலைமுறைக்குக் கையில் கிடைத்த சுதந்திர மென்பொருள், விளக்கம் இல்லாததால் வெறும் இடமாகப் போயிற்று. இன்று நான் மேடையேறிப் பேசுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தாளுக்கு வருகிறேன்.

பெட்டிமேல் 512 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறது. கணினியில் பார்த்தால் 476 என்று காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். வட்டு செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், பல கருவிகள் 1,024 ஆக எண்ணுகின்றன. படி வேறு, தானியம் ஒன்றுதான். நம் கணக்கை 476-இல் போடுவோம்.

முதலில் 1 ஜிபி, இஎஃப்ஐ பாகம். கணினி கண் விழித்ததும் முதலில் வந்து பார்க்கும் இடம் இது. ஃபேட்32 முறையில் இருக்க வேண்டும். 512 எம்பி போதும், ஆனாலும் 1 ஜிபி விடுங்கள், பின்னால் பெரிதாக்குவது எரிச்சலான வேலை. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் லினக்ஸும் சேர்க்கிறவர்கள் இந்தப் பாகத்தை ஒருபோதும் ஃபார்மட் செய்யாதீர்கள். இரண்டு பேரும் வந்துபோகும் வாசல் அது.

அடுத்தது ஸ்வாப், 10 ஜிபி. நினைவகம் நிரம்பி வழிந்தால் வைத்துக்கொள்ளும் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். தனிப் பாகமாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. உபுண்டு லினக்ஸ் 2017 முதல் ஸ்வாப்புக்குப் பாகம் போடாமல் ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. பிறகு ஏன் நான் தனியாகக் கேட்கிறேன்? ஹைபர்னேட்டுக்காக. திறந்திருக்கும் வேலை முழுவதையும் நினைவகத்திலிருந்து வட்டில் எழுதிவைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடும். மின்சாரம் எப்போது வந்தாலும் விட்ட இடத்தில் தொடங்கலாம். யுபிஎஸ் பத்து நிமிடம் தாங்கும் வீட்டில் இது பெரிய உதவி. அதற்கு ஸ்வாப் நினைவகத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும். 8 ஜிபி நினைவகத்துக்கு 10 தாராளம். ஒரு எச்சரிக்கை: செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு ஏற்பாடு இயக்கத்தில் உள்ள கணினியில் உபுண்டு, ஃபெடோரா போன்றவை ஹைபர்னேட்டைத் தடுத்துவிடும். செக்யூர் பூட்டை அணைக்க விரும்பாதவர்கள் தனி ஸ்வாப் பாகத்தை மறந்துவிட்டு ஒரு சிறிய ஸ்வாப் கோப்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

மின்வெட்டு என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். திடீரென்று மின்சாரம் போனால் கோப்புகள் ஏன் எல்லாமே கெட்டுப்போவதில்லை? எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறை 2008 கடைசியில் லினக்ஸில் நிலைபெற்றது. அது கடைக்காரர்களின் வழக்கத்தைக் கையாளுகிறது. பேரேட்டில் ஏற்றுவதற்கு முன் சிட்டையில் குறிப்பார்களே, அதேபோலக் கோப்பின் இருப்பிடக் கணக்கில் செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு சிட்டையில் எழுதிக்கொள்ளும். பாதியில் மின்சாரம் போனால், எழும்போது சிட்டையைப் பார்த்து முடிந்ததைப் பேரேட்டில் ஏற்றும், அரைகுறையானதைத் தள்ளும். இதனால் பேரேடு சிதையாது. ஆனால் நீங்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்த கடைசிப் பத்தி காப்பாற்றப்படும் என்று பொருளில்லை. வழக்கமான அமைப்பில் சிட்டையில் ஏறுவது கணக்கு மட்டும், சரக்கு அல்ல. விண்டோசின் பழைய ஃபேட் முறையில் சிட்டையே கிடையாது. ஆகவே பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் 'எஜெக்ட்' சொல்லிவிட்டு எடுக்கச் சொல்கிறோம்.

மூன்றாவது ரூட், 70 ஜிபி. லினக்ஸ் முழுவதும் இங்கே குடியிருக்கும். 25 ஜிபியிலேயே நிறுவிவிடலாம். ஆனால் ஃபிளாட்பேக், ஸ்னாப் என்று இப்போது வரும் மென்பொருள்கள் இடத்தைச் சாப்பிடுகின்றன, அவை வந்து விழுவதும் ரூட்டுக்குள்தான். ரூட் நிரம்பினால் என்ன ஆகும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கடவுச்சொல்லைச் சரியாகக் கொடுத்தாலும் திரை உள்ளே விடாமல் திரும்பத் திரும்ப அதே இடத்தில் நிற்கும். பதிப்பு மாற்றம் பாதியில் நிற்கும். ரூட்டும் சொந்தக் கோப்புகளும் ஒரே பாகத்தில் இருந்தால், மருமகள் இறக்கிய நாலு படம் போதும், கணினியைப் படுக்கவைக்க. பொழி இருந்தால் நிரம்புவது அந்தப் பக்கம் மட்டும்.

கணக்கு எங்கே சுவையாகிறது என்றால் இனிமேல்தான். ரூட்டுக்குப் பின்னால் உடனே, சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் பாகத்தைத் தொடங்கச் சொல்வார்கள் பலர். நான் அங்கே 45 ஜிபியைத் தரிசாக விடச் சொல்கிறேன். எதுவும் போடாமல், பெயரில்லாமல், வெறும் இடமாக.

ஏன் என்று கேளுங்கள். ஒரு பாகத்தைப் பெரிதாக்க வேண்டுமானால் அதன் முடிவை ஒட்டியே காலியிடம் இருக்க வேண்டும். வட்டின் கடைக்கோடியில் 100 ஜிபி சும்மா கிடந்தாலும், நடுவில் ஹோம் உட்கார்ந்திருந்தால் ரூட்டுக்கு அது பயன்படாது. கிழக்கே உள்ள காட்டைச் சேர்த்து உழ வேண்டும், நடுவில் இன்னொருவர் காடு இருக்கிறது. அப்போது ஹோமின் தொடக்கத்தை நகர்த்த வேண்டும். தொடக்கத்தை நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பையும் பெயர்த்து அடுத்த இடத்தில் எழுதுவது. 350 ஜிபி பாகம் என்றால் மணிக்கணக்கில் ஓடும். அந்த நேரத்தில் மின்சாரம் போனால் எந்தச் சிட்டையும் கைகொடுக்காது. அதே சமயம் ஒட்டியே காலியிடம் இருந்தால், எக்ஸ்ட்4 பாகத்தைக் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே பெரிதாக்கலாம், சில நொடிதான். குறைப்பதற்கு மட்டும் பாகத்தை அவிழ்த்து வைக்க வேண்டும். எக்ஸ்எஃப்எஸ் என்ற முறையில் குறைக்கவே வழியில்லை என்று சொல்லலாம். இப்படிச் சேர்த்துப் பார்த்தால், கரிசலில் ஓர் ஓரம் தரிசு விடும் பெரியவர்களின் சாமர்த்தியம் இந்த வட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. இரண்டு வருடம் கழித்து ரூட் நெருக்கினால் தரிசை அதற்குக் கொடுங்கள். நெருக்கவில்லை என்றால் அது அப்படியே கிடக்கட்டும், எஸ்எஸ்டிக்கும் கொஞ்சம் வெறும் இடம் இருப்பது நல்லதுதான்.

எல்விஎம் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதில் பாகங்கள் ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. எங்கே இடம் இருந்தாலும் துண்டு துண்டாகச் சேர்த்துக் கொடுக்கும். பி.டி.ஆர்.எஃப்.எஸ். என்பது இன்னொரு வழி. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனிக் கணக்கு, இடம் மட்டும் பொது. ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் இறைப்பதுபோல. ஃபெடோரா 2020-இல் இதையே தன் இயல்பு முறையாக்கியது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கிணறு பொது என்றால் ஒருவர் இறைத்தே தீர்த்தால் மற்றவருக்கும் தண்ணீர் இல்லை. இரண்டும் நல்ல ஏற்பாடுகள்தான், பழகியவர்கள் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டுக் கணினி பழுதானால் யார் வந்து பார்ப்பார்கள்? பக்கத்துத் தெரு தம்பி. அவருக்குப் புரியும்படி இருப்பது முக்கியம். அதனால் நான் அங்கே சாதாரணப் பொழியோடு நின்றேன்.

மீதி 350 ஜிபி ஹோம். 1, 10, 70, 45, 350. கூட்டிப் பாருங்கள், 476.

350-இல் என்ன கொள்ளும் என்று அக்கா கேட்டாள். சுருக்காமல் பதிந்த பேச்சு, ஒரே தடத்தில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 318 எம்பி ஆகும். ஆயிரம் மணி நேரம் பதிந்தாலும் இடம் மிஞ்சும். ஊரிலுள்ள ஆச்சிமார் எல்லாரும் ஆசை தீரப் பாடலாம்.

ஆனால் அந்த 350-உம் முழுதாக உங்கள் கைக்கு வராது. எக்ஸ்ட்4 இயல்பாக நூற்றுக்கு ஐந்து பங்கை நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைக்கும். வட்டு நிரம்பினாலும் கணினியின் சொந்த வேலைகள் நிற்காமல் ஓட வேண்டும் என்பதற்காக. ரூட்டில் அது தேவை, கைவைக்காதீர்கள். ஹோமில் அதற்கு வேலை குறைவு, 17 ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கும். டியூன்2எஃப்எஸ் என்ற கட்டளையால் ஐந்தை ஒன்றாக்கினால் 14 ஜிபி திரும்பக் கிடைக்கும். பெரிய வட்டு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பெரிய தொகை.

தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு செய்தி. வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசையும். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட், உயிர்மெய்யில் மெய்க்கும் அதன் துணைக்குறிக்கும் தனித்தனியாக. 'கோவில்பட்டி' என்று எழுதினால் நமக்கு ஆறு எழுத்து, கணினிக்குப் பதினொரு குறி, 33 பைட். நம் ஊர்ப் பெயரை ஏழு முறை சேர்த்து எழுதலாம், எட்டாவதற்கு இடமில்லை. அக்கா பாட்டின் முதல் இரண்டு அடியையும் பாடியவர் பெயரையும் ஊரையும் சேர்த்துக் கோப்புக்குப் பெயர் வைப்பாள், பிறகு நகல் எடுக்கும்போது பிழை என்று வரும். பெயரைச் சிறிதாக்கி, மற்ற விவரங்களைப் பக்கத்தில் ஓர் உரைக்கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எல்லா வீட்டுக்கும் இந்தத் தாள் பொருந்தாது. 128 ஜிபி வட்டு மட்டும் இருக்கிறதா? பிரிக்காதீர்கள். அரை ஏக்கரில் நாலு பொழி போட்டால் உழுவதற்கு மாடு திரும்ப இடமிருக்காது. இஎஃப்ஐ ஒன்று, மீதி ஒரே பாகம், அதோடு நம்பகமான ஒரு வெளி நகல். வார், டெம்ப் என்ற லினக்ஸின் உள் அடைவுகளைத் தனித்தனியே வெட்டும் பழக்கம் பலர் பங்கிட்டுக்கொள்ளும் பெரிய கணினிகளுக்கு உரியது. டெபியன் நிறுவும்போது காட்டும் வழிகளில் மூன்று: எல்லாம் ஒரே பாகம், ஹோம் மட்டும் தனி, ஹோமோடு வார், டெம்ப்பும் தனி. வீட்டுக்கு நடுவில் உள்ளதே போதும். அந்தக் கேள்விகளைத் தமிழிலேயே கேட்கும்படியும் அதில் தேர்ந்தெடுக்கலாம் என்பதைப் பெரியவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

மறுபடி நிறுவ வேண்டிய நாள் வரும், அன்றைக்குத்தான் இந்தப் பொழியின் அருமை. பாகங்களைக் காட்டும் திரையில் ரூட்டுக்கு நேரே ஃபார்மட் செய் என்று குறியிடுங்கள். ஹோமுக்கு நேரே 'ஹோம்' என்ற இடத்தைக் காட்டிவிட்டு, ஃபார்மட் குறி இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒருமுறை பார்த்தது போதாது. பக்கத்தில் இருப்பவரை அழைத்து அவரையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பாகங்களுக்கு முன்பே பெயரிட்டு வைத்தால் இன்னும் நல்லது. எஸ்டிஏ, எஸ்டிபி என்று கணினி வைக்கும் பெயர்கள் நிலையானவை அல்ல. 'கம்மாய்க்குக் கிழக்கே உள்ள காடு' என்பதுபோல, எங்கே நின்று பார்க்கிறோமோ அதற்கேற்ப மாறும். ஒரு வெளி வட்டைச் செருகிவிட்டு எழுப்பினால் நேற்றைய ஏ இன்றைக்கு பி ஆகலாம். யுயுஐடி என்ற நீண்ட எண் சர்வே எண் மாதிரி, ஃபார்மட் செய்யும் வரை மாறாது. எந்தப் பாகம் எங்கே ஏற வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த எண்ணையே எழுதுங்கள். பயனர்களையும் முன்பிருந்த அதே வரிசையில் உருவாக்குங்கள். முதல் பயனருக்கு 1000 என்ற எண் போகும், கோப்புகள் உரிமையாளரை எண்ணால்தான் அறியும். வரிசை மாறினால் அக்காவின் பாட்டு அத்தான் பெயரில் நிற்கும்.

இவ்வளவு சொன்னபின் ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். பொழி காடு முழுவதையும் வெள்ளத்திலிருந்து காக்காது. ரூட்டும் ஹோமும் இரண்டு பாகமானாலும் கிடப்பது ஒரே வட்டில். வட்டு செத்தால் இரண்டும் சேர்ந்து போகும். எஸ்எஸ்டி சாகும்போது பெரும்பாலும் சத்தம்கூடக் கேட்காது, காலையில் எழுப்பினால் வட்டே இல்லை என்று சொல்லும். விதைக் குடுக்கையைக் குலுக்கையிலிருந்து பிரித்தது சரி, ஆனால் இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே. கூரை எரிந்தால்? மூன்று பிரதி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு வீட்டில் என்று படம் பிடிப்பவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். ஹோம் தனியாக இருப்பதால் நகல் எடுப்பதும் சுலபமாகிறது: எதை எடுப்பது, எதை விடுவது என்ற யோசனையே வேண்டாம், அந்த ஒரு பாகத்தை எடுத்தால் எல்லாம் வந்துவிட்டது. அக்காவுக்கு 1 டிபி வெளி வட்டு ஒன்று வாங்கியிருக்கிறது. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நகல் எடுத்து, சாத்தூரில் சித்தி வீட்டு பீரோவில் வைத்துவிட வேண்டும், முந்தைய மாதத்து வட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு. ஆகவே வெளி வட்டு இரண்டு வேண்டும். செலவுதான். என்னிடம் ஆறு நிமிடம் மட்டும் இருப்பதால் அந்தச் செலவைப் பற்றி நான் பேரம் பேசவில்லை.

இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இடைசெவல் இருக்கிறது. கி. ராஜநாராயணன் பிறந்த ஊர், கு. அழகிரிசாமி பிறந்த ஊர். கி.ரா. இந்தக் கரிசலின் சொற்களை எல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்து 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' என்று ஒரு புத்தகமாக ஆக்கினார். ஊர் ஊராகச் சொல்லப்பட்ட கதைகளையும் திரட்டினார். தாளிலும் கையிலும் நடந்த வேலை அது. அச்சாகிப் பல பிரதிகளாகி, பல வீடுகளில் இருப்பதால் இன்று நம் கையில் இருக்கிறது. அவர் 2021 மே மாதம் மறைந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடரும் வேலையைச் செய்பவர்கள் இன்று என் அக்காவைப் போன்றவர்கள்தான், கையில் ஒரு கைப்பேசியும் வீட்டில் ஒரு கணினியுமாக. அவர்கள் சேர்ப்பது இன்னும் அச்சாகவில்லை. ஒரே ஒரு வட்டில், ஒரே ஒரு பாகத்தில் கிடக்கிறது. அதனால்தான் 45 ஜிபி தரிசு, 350 ஜிபி ஹோம் என்று இவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்தேன்.

இப்போது பேச்சை நிறுத்திவிட்டுச் செய்து காட்டுகிறேன். பென்டிரைவ் செருகியாயிற்று, திரையில் வட்டைப் பிரிக்கும் கருவியான ஜிபார்ட்டட் திறந்திருக்கிறது, வட்டு முழுவதும் சாம்பல் நிறத்தில் காலியாகத் தெரிகிறது பாருங்கள். பின்வரிசையில் இருக்கும் அண்ணாச்சிமார் முன்னால் வாருங்கள், எழுத்து சிறியது. அக்கா, நீ வந்து இந்த நாற்காலியில் உட்கார். எண்களை நான் தாளிலிருந்து படிக்கிறேன், நீயே தட்டு. முதலில் ஒன்று.